புதிய சோனகத் தெருவில் நின்றுபோன பாடசாலை: அறிஞர் சித்திலெவ்வையின் வாழ்க்கை

ஜூன் மாதம் வந்தால் எமது பாடசாலைகளில் அறிஞர் சித்திலெவ்வையின் பெயர் ஒருமுறை ஒலிக்கும். காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை வந்து நின்று மனனம் செய்த பேச்சை ஒப்புவிக்கும். முஸ்லிம் நேசன் பத்திரிகையின் ஆசிரியர், இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாசிரியர், ஸாஹிராவுக்கு வித்திட்டவர், 1977இல் அரசாங்கம் முத்திரை வெளியிட்டது. அவ்வளவுதான், கைதட்டல். பல வருடங்களாக இந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தும் திருத்திக் கொடுத்தும் வருபவர்களில் நானும் ஒருவர். குறை சொல்லவில்லை. ஆசிரியர் கலாசாலையில் எமக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய இதே அரைப் பக்கம்தான்.

அந்த அரைப் பக்கத்தில் ஒரு விடயம் வருவதில்லை. அவர் கொழும்பில் தொடங்கிய முதலாவது பாடசாலை நிலைக்கவில்லை. சில வருடங்களில் நின்றுபோனது. அதுவும் காலனித்துவ அரசாங்கம் பூட்டுப் போட்டு மூடியதல்ல. பணமும் ஆதரவும் வராமல், எம்மவர்களின் அலட்சியத்தால் நின்றது. நான் படிப்பிக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடைப் பக்கம் வந்தால், வாழைத்தோட்டத்தில் புதிய சோனகத் தெரு இருக்கிறது. அந்தப் பாடசாலை இருந்தது அங்குதான். அவருடைய வாழ்க்கையை அந்தத் தெருவில் நின்றுகொண்டு பார்த்தால்தான் சரியாக விளங்கும் என்பது என் எண்ணம்.

முஹம்மது காசிம் சித்திலெவ்வை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். அந்தக் காலத்தை விளங்கிக்கொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு சொந்தமாக வைத்திருக்கத் தடை இருந்தது. ஊழியம் என்ற பெயரில் கட்டாய வேலையும் அதற்குப் பதிலான வரியும் இருந்தன. பிரித்தானியர் வந்த பிறகும் அந்தச் சொத்துத் தடை உடனே போகவில்லை, 1832இல்தான் நீங்கியது. அதற்கு அடுத்த வருடம் சித்திலெவ்வையின் தந்தையார் புறக்டராக நியமனம் பெற்றார். இலங்கைச் சோனகரில் அந்தத் தொழிலுக்கு வந்த முதலாவது ஆள் அவர்தான். ஆக, சொந்தமாக ஒரு வீடு வாங்கவே நேற்றுவரை உரிமை இல்லாதிருந்த ஒரு சமூகத்தில், சட்டப் புத்தகங்கள் இருந்த ஒரு வீட்டில் பிறந்த பிள்ளை இவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் குர்ஆனும் அறபும் தமிழும் படித்தார், வெளியில் ஆங்கிலம் படித்தார். தந்தையாரின் வழியிலேயே சட்டம் கற்று 1862இல் மாவட்ட நீதிமன்றப் புறக்டரானார், இரண்டு வருடங்களில் உயர் நீதிமன்றப் புறக்டரானார். கண்டி மாநகர சபையில் அங்கத்தவராக இருந்தார், சில காலம் நீதவானாகவும் கடமையாற்றினார். நாற்பது வயதைத் தாண்டும்போது அவருக்கு எல்லாமே இருந்தன: தொழில், வருமானம், வெள்ளைக்காரத் துரைமாரிடம் மரியாதை. அதற்கு மேல் எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் கண்டியில் ஒரு பெரிய மனிதராகவே வபாத்தாகியிருப்பார்.

ஆனால் நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகின்றவருக்கு ஊர் நிலைமை மற்றவர்களைவிடத் துலாம்பரமாகத் தெரியும். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைவிரல் அடையாளம் வைத்தவன், காணி உறுதியை வாசிக்கத் தெரியாமல் பறிகொடுத்தவன், அரசாங்கக் கந்தோரில் இருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை வாசிக்க ஆள் தேடித் திரிபவன். இவர்கள்தான் ஒரு புறக்டரின் வாசலுக்கு வருகின்றவர்கள். வியாபாரத்தில் கெட்டிக்காரச் சமூகம்தான். ஆனால் கடைக் கணக்குக்கு அப்பால் எழுத்தோடு உறவு குறைவு. பள்ளிவாசலில் லெப்பையிடம் பிள்ளைகள் ஓதினார்கள். பெரும்பாலும் பொருள் விளங்காமல் ஓதினார்கள். அதன் பிறகு ஆண் பிள்ளை கடைக்கு, பெண் பிள்ளை அடுப்படிக்கு.

ஆங்கிலப் பாடசாலைகள் இல்லாமலில்லை. நான் அன்றாடம் கடந்துபோகும் கொட்டாஞ்சேனையையே எடுத்துக்கொள்ளுங்கள். சென். பெனடிக்ற் கல்லூரி 1865இல் தொடங்கியது. நல்லாயன் கன்னியர்கள் 1869இல் வந்தார்கள். பக்கத்தில் முகத்துவாரத்தில் சென். தோமஸ் 1851 முதல் இருந்தது. நல்ல பாடசாலைகள். ஆனால் அவை கிறிஸ்தவ சபைகளின் பாடசாலைகள். அங்கே பிள்ளையை அனுப்பினால் பிள்ளையின் ஈமான் என்னாகும் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தை இன்றைக்கு நாம் அறியாமை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது முழுவதும் அறியாமை அல்ல. அரசாங்கத்தின் உதவிப் பணத்தில் பெரும்பங்கு மிஷன் பாடசாலைகளுக்கே போனது. மதம் மாற்றுவதும் அவர்களுடைய வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. பௌத்தரும் சைவரும் இதே பயத்தோடுதான் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் பாடசாலை வைத்துவிட்டார். கர்னல் ஒல்கொட் 1880இல் வந்திறங்கி பௌத்த பாடசாலைகளுக்காக ஊர் ஊராகப் பணம் சேர்த்தார். இந்த மதப் போட்டி எவ்வளவு சூடாக இருந்தது என்பதற்கு 1883 மார்ச்சில் கொட்டாஞ்சேனையில் நடந்த கலவரமே சாட்சி. உயிர்த்த ஞாயிறன்று பௌத்த பெரஹரா ஒன்று சென். லூசியா தேவாலயப் பக்கமாக வரப்போக அடிதடியாகி உயிரும் போனது.

முஸ்லிம்கள் இந்தப் போட்டியில் வெறும் பார்வையாளர்களாக நின்றார்கள். பாடசாலையைப் புறக்கணித்தால் மார்க்கம் தப்பும் என்று நினைத்தார்கள். சித்திலெவ்வை முரண்பட்டது இந்த இடத்தில்தான். பயம் நியாயமானது, ஆனால் ஒதுங்கியிருப்பது மருந்தல்ல, எமக்கென்று பாடசாலை கட்டுவதே மருந்து என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. அறபும் ஆங்கிலமும் தமிழும் ஒரே கூரையின் கீழ். இன்று கேட்க மிகச் சாதாரணமாக இருக்கிறது.

1882 டிசம்பர் 21ஆம் திகதி கண்டியிலிருந்து முஸ்லிம் நேசன் வார இதழின் முதல் பிரதி வெளிவந்தது. சொந்த அச்சுக்கூடம், சொந்தப் பணம். இலங்கையில் மட்டுமல்ல, கடல் கடந்து சிங்கப்பூர், பினாங்கு, தென்னிந்தியா வரையில் வாசகர்கள் இருந்தார்கள். உலக நடப்பு, குறிப்பாக துருக்கி, மிஸ்ர் செய்திகள், ஊர்ப் பிரச்சினைகள், அரசாங்கத்துக்கு முறையீடுகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வி பற்றிய ஓயாத எழுத்து. வாரத்துக்கு வாரம் ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகின்றவரை வாசகர்களுக்குச் சலித்துப்போயிருக்கலாம். ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அந்தச் சலிப்பின் பெறுமதி தெரியும். ஒரு பாடத்தை ஒருமுறை சொல்லி யாரும் படித்ததில்லை.

பத்திரிகை தொடங்கி மூன்று வாரங்களில், 1883 ஜனவரியில், கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. அதில் பிரித்தானியரிடம் தோற்று நாடு கடத்தப்பட்ட அஹ்மத் ஒறாபி பாஷாவும் அவருடைய தோழர்களும் குடும்பங்களும் வந்தார்கள். மிஸ்ர் மிஸ்ரியருக்கே என்று எழுந்து நின்ற மனிதரைப் பார்க்கத் துறைமுகத்தில் முஸ்லிம்கள் திரண்டார்கள். பிரித்தானியர் கைதியாக அனுப்பியவரை எம்மவர்கள் விருந்தாளியாக ஏற்றார்கள். சித்திலெவ்வைக்கு இந்த நட்பு பெரிய பலமாக அமைந்தது. வெளியுலகில் முஸ்லிம்கள் எப்படிக் கல்வி கற்கிறார்கள், எப்படி அரசியல் பேசுகிறார்கள் என்பதற்கு உயிருள்ள அத்தாட்சி ஒன்று கொழும்பிலேயே குடியிருந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒறாபி பாஷாவின் கணக்கில் எழுதிவிடும் பழக்கமும் எம்மிடம் இருக்கிறது. அது சரியல்ல. பாஷா வருவதற்கு முன்பே பத்திரிகை வந்துவிட்டது. ஊர் தன் வேலையைத் தானே தொடங்கியிருந்தது.

1884இல் சித்திலெவ்வை கண்டியில் நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை ஒதுக்கிவிட்டுக் கொழும்புக்கு வந்தார். அந்த வருடம் புதிய சோனகத் தெருவில் அல்மத்ரஸதுல் கைரியதுல் இஸ்லாமியா ஆரம்பமானது. இடம் நன்றாக யோசித்துத் தெரியப்பட்டது போலவே இருக்கிறது. நீதிமன்றங்களுக்கும் கடைத் தெருவுக்கும் நடுவே, சாதாரண முஸ்லிம் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. வசதியானவர்களின் கறுவாத்தோட்டத்தில் அல்ல.

பாடசாலை தொடங்குவது என்றால் கட்டடம் மட்டும் அல்ல என்பது படிப்பிக்கின்றவர்களுக்குத் தெரியும். படிப்பிக்கப் புத்தகம் இருக்கவில்லை. அறபை இலக்கணத்தோடு, பொருள் விளங்கிப் படிப்பதற்குப் பிள்ளைகளுக்கு ஏற்ற பாடநூல் இல்லை. ஆகவே அவரே எழுதினார். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று, தொழுகை முறைக்கு ஒன்று. இந்த நூல்களின் பெயர் இன்று ஆய்வாளர்களுக்கு மட்டுமே தெரியும். அவருடைய அசன்பேயுடைய கதை 1885இல் வெளிவந்தது. மிஸ்ரில் பிறந்து இந்தியாவுக்குக் கடத்தப்படும் ஒரு பிள்ளையின் கதை. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சாகி ஆறே வருடங்கள். இலக்கியக்காரர்கள் அதைத்தான் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். என்னைக் கேட்டால், ஒரு புறக்டர் உட்கார்ந்து அரிவரிப் புத்தகம் எழுதியதே எனக்குப் பெரிது.

அதே காலத்தில்தான் உரிமைப் பிரச்சினையும் முற்றியது. சட்டசபையில் அப்போது முஸ்லிம்களுக்குத் தனி அங்கத்தவர் இல்லை, தமிழ்ப் பிரதிநிதியே சேர்த்துப் பேசினார். 1885இல் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் சோனகரை இனத்தால் தமிழர் என்று வாதிட்டார். 1888இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார். தமிழ் பேசுகின்ற, ஆனால் தம்மைத் தனிச் சமூகமாகக் கருதுகின்ற மக்களுக்கு இது பெயர் பற்றிய விவாதம் மட்டுமல்ல, சபையில் யார் எமக்காகப் பேசுவது என்ற விவாதமும்தான். முஸ்லிம் நேசன் அந்த வாதத்தை எதிர்த்து எழுதியது. தனிப் பிரதிநிதித்துவம் கேட்டது. அதையும் அழகான தமிழிலேயே செய்தது என்பதை இன்று இரண்டு பக்கத்தாரும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1889இல் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் காலத்தில் சபை விரிவாக்கப்பட்டபோது எம்.சி. அப்துர் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் அங்கத்தவராக நியமிக்கப்பட்டார்.

ஆக, ஆசனம் கிடைத்தது. பாடசாலை நின்றது.

இதைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். சட்டசபையில் ஓர் ஆசனம் வேண்டும் என்றால் சமூகம் ஒருமித்துக் குரல் கொடுக்கும், ஏனென்றால் அதற்குச் சொந்தப் பையில் இருந்து எதையும் எடுக்கத் தேவையில்லை. பாடசாலைக்கு மாதாமாதம் ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். கடையில் நிற்கும் பையனைக் கடையிலிருந்து விட வேண்டும். மிஷன் பாடசாலையைப் போல இதுவும் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று மிம்பரடியில் கதைக்கின்றவர்களின் வாயைச் சமாளிக்க வேண்டும். சித்திலெவ்வை ஆங்கிலம் படிக்கச் சொன்னார் என்பதற்காகவே அவரை ஏசியவர்கள் இருந்தார்கள். அவரோ காதிரிய்யா தரீக்காவில் ஊறியவர், கடைசிக் காலத்தில் அஸ்ராறுல் ஆலம் என்று மெய்ஞ்ஞான நூல் எழுதியவர். மார்க்கத்தை விட்டு விலகியவர் என்று அவரைச் சொல்ல யாருக்கும் தகுதி இருக்கவில்லை. ஆனாலும் சொன்னார்கள்.

புதிய சோனகத் தெருப் பாடசாலை நின்ற பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் மிச்சக் கதை. கோபித்துக்கொண்டு கண்டிக்குப் போய் மறுபடி வழக்குப் பேசியிருக்கலாம். அவர் மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். இம்முறை மருதானையில், பள்ளிவாசலை மையமாக வைத்து. 1891இல் மருதானைப் பள்ளிவாசலில் கூட்டம் கூட்டிப் பேசினார்கள். முதல் தடவை பாடசாலை ஒரு தனி மனிதனின் தோளில் நின்றது. இரண்டாவது தடவை அது ஒரு ஜமாஅத்தின் காணியில் நின்றது. வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன். 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி ஒறாபி பாஷா முன்னிலையில் அந்த மத்ரஸா திறக்கப்பட்டது. இன்றைய கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கம் அதுவே.

இங்கே வாப்பிச்சி மரிக்காரைச் சொல்லாமல் போக முடியாது. கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் அவர். நூதனசாலை கட்டி முடிந்ததும் தேசாதிபதி என்ன வேண்டும் என்று கேட்க, வெள்ளிக்கிழமைகளில் அதை மூடி வைக்க வேண்டும் என்று கேட்டாராம் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, மருதானைப் பாடசாலையைக் கட்டியெழுப்பி நீண்ட காலம் தாங்கியவர் அவர்தான். எழுதுகின்றவரும் கட்டுகின்றவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டதால்தான் ஸாஹிரா நிலைத்தது. எமது நினைவுக் கூட்டங்களில் ஒன்றில் சித்திலெவ்வை, மற்றதில் வாப்பிச்சி மரிக்கார் என்று பிரித்து, ஸ்தாபகர் யார் என்று சண்டை பிடிக்கிறோம்.

பெண் பிள்ளைகள் விடயத்துக்கு வருகிறேன். 1891இல் கண்டி திருகோணமலை வீதியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். அதற்குத் தலைமை தாங்கியது அவருடைய சொந்தச் சகோதரி முத்து நாச்சியா. மற்றவர்களின் மகளைப் படிக்க அனுப்பு என்று சொல்வதற்கு முன் தன் வீட்டுப் பெண்ணை முன்னால் நிறுத்தினார். இதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை அறிய 1891க்குப் போகத் தேவையில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு மகளை நிறுத்திவிடலாமா என்று ஆலோசிக்கும் உம்மாமார் இப்போதும் பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறார்கள். மூன்று ஒன்பது ஏ சித்தி எடுத்த பிள்ளைகளின் உம்மாமார் என் காதுபடவே கேட்டிருக்கிறார்கள். கொழும்பில், வெள்ளவத்தைக்குப் பக்கத்துப் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியது 1946இல்தான், ஆயிஷா றவூப் அதன் முதல் அதிபர். வாப்பிச்சி மரிக்காரின் பேரர் ஸேர் ராசிக் பரீதுக்கு அதில் பெரிய பங்குண்டு. முத்து நாச்சியாவின் வகுப்பறையில் இருந்து அந்த இடத்துக்கு வர எமக்கு 55 வருடங்கள் எடுத்தன.

கண்டியோடு நிற்கவில்லை. கம்பளை, மாத்தளை, குருநாகல், பொல்கஹவெல என்று மலையகத்திலும் அதைச் சுற்றியும் சிறு சிறு பாடசாலைகள் தொடங்கினார். 1892இல் ஞானதீபம் என்ற மாத இதழையும் தொடங்கினார். பணம் கரைந்தது, உடம்பும் கரைந்தது. 1898 பெப்ரவரி 5ஆம் திகதி கண்டியில் வபாத்தானார். அறுபது நிறையவில்லை. ஸாஹிரா அப்போது இன்னும் சிறிய பாடசாலைதான், ரி.பி. ஜாயா அதிபராக வந்து அதைப் பெரிய கல்லூரியாக்கியது 1921க்குப் பிறகு. அந்த வளர்ச்சியை சித்திலெவ்வை பார்க்கவில்லை.

அவர் பார்க்காத இன்னொன்றும் இருக்கிறது. அவர் வபாத்தாகி ஏழு வருடங்களின் பின், 1905இல், எம்.சி. அப்துல் காதர் என்ற இளம் முஸ்லிம் அத்வக்காத்து உயர் நீதிமன்றத்துக்குத் துருக்கித் தொப்பியோடு வந்தபோது, பிரதம நீதியரசர் லெயார்ட் அதை அனுமதிக்க மறுத்தார். ஒரு வழக்கறிஞரின் தலையில் உள்ள தொப்பி பற்றிய பிரச்சினை. தனி ஆள் விவகாரம் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஊருக்கு ஊர் கூட்டங்கள் நடந்தன, மகஜர்கள் போயின. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் முன்னின்றார். டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பல்லாயிரக் கணக்கில் முஸ்லிம்கள் திரண்டார்கள். கடைசியில் நீதிமன்றம் இறங்கி வந்தது, தொப்பியோடு ஆஜராகலாம் என்றாகியது. அந்தக் கூட்டம் நடந்த இடத்தைக் கவனியுங்கள். பதினாலு வருடங்களுக்கு முன் பாடசாலைக்காகக் கூடிய அதே பள்ளிவாசல். பத்திரிகை வாசிக்கவும் மகஜர் எழுதவும் கூட்டம் கூட்டவும் அந்த ஊருக்கு யாரோ பழக்கியிருந்தார்கள்.

இந்த வருடம் காலைக் கூட்டப் பேச்சுக்கு என் வகுப்பில் ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்தேன். வாழைத்தோட்டத்தில் இருந்து வருகின்ற பிள்ளை. பழைய பேச்சைக் கொடுத்து, இந்தத் தெருவில்தான் அவருடைய முதல் பாடசாலை இருந்தது என்றும் சொன்னேன். எங்கட தெருவிலயா, இப்ப அது எங்கே என்று கேட்டாள். நின்றுபோனது என்றேன். ஏன் நின்றது என்று கேட்டாள். சொன்னேன். மறுநாள் தானே எழுதிக்கொண்டு வந்தாள், மூன்று பக்கம். காலைக் கூட்டத்தில் பேச்சுக்கு ஐந்து நிமிடம்தான் தருவார்கள், எதையாவது வெட்ட வேண்டும். இருவரும் உட்கார்ந்து யோசித்து, முத்திரையை வெட்டிவிட்டோம்.